பழைய கரைசலும் பாதிக் கதையும்

டோனி ஹன்டர் என்ற உயிர்வேதியியல் அறிஞரைப் பற்றி ஒரு கதை உண்டு. நீங்கள் எங்கேனும் படித்திருக்கலாம். ஆசிரியர் யாரேனும் வகுப்பில் சொல்லக் கேட்டுமிருக்கலாம். 1979-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் லா ஹோயா என்னும் கடற்கரை ஊரிலுள்ள சால்க் ஆய்வு நிலையத்தில் ஹன்டர் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தார். புதிதாகக் கரைசல் தயாரிக்கச் சோம்பல்பட்டு, தொட்டியில் கிடந்த பழைய கரைசலையே மறுபடி பயன்படுத்தினார். அதன் அமிலத்தன்மை சற்று மாறிப் போயிருந்தது. விளைவு, எவரும் எதிர்பாராத ஒரு புள்ளி தகட்டில் தோன்றியது. அந்தப் புள்ளியிலிருந்து புற்றுநோயைப் பற்றிய புதிய அறிவும், பின்னர் புதிய மருந்துகளும் பிறந்தன. கதை இவ்வளவுதான். சோம்பேறிக்கும் அதிர்ஷ்டம் அடிக்கும் என்பது நீதி!

இக்கதையை நானும் வகுப்பில் சொன்னவன்தான். சென்ற ஆண்டு ஒரு நாள் முற்பகல், முதலாண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு. ஒரு மாணவர் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். ஆறு அளவீடுகளில் ஐந்து 9.8-ஐ ஒட்டி வந்தன. ஒன்று மட்டும் 10.86 என்று வந்தது. "சார், இதை அடிச்சிட்டு எழுதட்டுமா?" என்று கேட்டார். மணியடிக்க ஐந்து நிமிடமே இருந்தது. "அடித்துவிட்டு எழுது" என்றேன். அன்று பிற்பகல் பாடம் சீக்கிரம் முடிந்துவிடவே, மாணவர்களுக்கு ஓர் உற்சாகம் ஏற்படட்டும் என்று ஹன்டரின் கதையைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தனர். முற்பகல் வந்த அதே மாணவர் எழுந்து, "அந்தப் புள்ளியை அவர் அடிச்சிருந்தா என்ன சார் ஆயிருக்கும்?" என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. நான் அறிந்திருந்தது பாதிக் கதை என்பது அப்போதுதான் விளங்கியது. மறு பாதியைத் தேடிப் படித்தபின் எழுதுவது இக்கட்டுரை. இயற்பியல் ஆசிரியனுக்கு உயிர்வேதியியலில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். இக்கதையின் நெருக்கடியான கட்டம் உண்மையில் மின்னூட்டமும் மின்புலமும் பற்றியது. ஆகவே எனக்கும் அதில் சிறிது உரிமை உண்டு.

செல்லுக்குள் ஒரு சுவிட்சு

உடலிலுள்ள செல்கள் ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள், வளர், பிளவுபடு, நிறுத்து என்று பலவகைச் செய்திகள். இவற்றைக் கொண்டுவரும் பொருள்களில் பல செல்லுக்குள் நுழைவதில்லை. வாசலில் நின்று கதவைத் தட்டுவதோடு சரி. தட்டிய ஓசை உள்ளறைகளுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

அதற்குச் செல் கையாளும் முக்கியமான வழிகளில் ஒன்று, ஒரு புரதத்தின்மீது ஒரு பாஸ்பேட் தொகுதியை ஒட்டுவது. பாஸ்பேட் எதிர் மின்னூட்டம் உடையது. அது வந்து ஒட்டிக்கொண்டதும் புரதத்தின் அருகிலுள்ள பகுதிகள் சில ஈர்க்கப்படுகின்றன, சில விலக்கப்படுகின்றன. புரதத்தின் வடிவம் மாறுகிறது. வடிவம் மாறினால் வேலையும் மாறுகிறது. பாஸ்பேட்டை நீக்கிவிட்டால் பழைய நிலை திரும்புகிறது. சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும் போன்றதே இது. ஏ.டி.பி. என்ற பொருளிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துப் புரதத்தில் ஒட்டும் நொதிக்குப் புரதக் கைனேஸ் என்று பெயர்.

தசையில் சேமித்துள்ள சர்க்கரைப் பொருளைச் சிதைக்கும் நொதி ஒன்று இவ்வாறே முடுக்கிவிடப்படுகிறது என்று 1955-இல் சியாட்டில் நகரில் எட்வின் கிரெப்ஸ், எட்மண்ட் பிஷர் என்ற இருவர் காட்டினர். அதன் முழு மதிப்பு உணரப்பட்டு அவர்களுக்கு நோபல் பரிசு கிடைக்க 1992 வரை, அதாவது 37 ஆண்டுகள் ஆயின.

புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. பாஸ்பேட் ஒட்டிக்கொள்வதற்கு ஏற்ற ஹைட்ராக்சில் தொகுதி அவற்றுள் மூன்றில் இருக்கிறது: செரின், திரியோனின், டைரோசின். 1979-க்கு முன்னர் கைனேஸ்களின் வேலையாக ஆய்வாளர்கள் கண்டவை செரினும் திரியோனினும்தாம். டைரோசினில் ஒரு கைனேஸ் பாஸ்பேட்டை ஒட்டுமா என்று எவரும் தேடவில்லை. தேடாததற்குக் காரணம் எளிது: கண்ணில் பட்டதே இல்லை. கண்ணில் படாததற்குக் காரணம் என்ன என்பதில்தான் நம் கதை இருக்கிறது.

கோழியின் கட்டி

கோழிகளில் ஒருவகைக் கட்டியை ஒரு வைரஸ் உண்டாக்குகிறது என்று 1911-இல் பெய்ட்டன் ரௌஸ் அறிவித்தார். அவரும் நோபல் பரிசுக்கு 1966 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த வைரஸின் தீமைக்கெல்லாம் காரணம் 'சார்க்' என்ற ஒரே மரபணு என்பது பிற்பாடு தெரியவந்தது. அந்த மரபணு வைரஸின் சொந்தச் சொத்து அன்று, நலமுள்ள கோழியின் செல்களிலிருந்தே வந்தது என்று 1976-இல் மைக்கேல் பிஷப், ஹெரால்டு வார்மஸ் குழுவினர் காட்டினர்.

சார்க் புரதம் செல்லை எவ்வாறு கெடுக்கிறது? 1978-இல் ரேமண்ட் எரிக்சனின் ஆய்வுக்கூடமும் பிஷப்பின் ஆய்வுக்கூடமும் தனித்தனியே விடை கண்டன: சார்க் ஒரு கைனேஸ். பாஸ்பேட் எந்த அமினோ அமிலத்தில் ஒட்டுகிறது என்றும் ஆராயப்பட்டது. திரியோனினில் என்று அறிவிக்கப்பட்டது. அந்த விடை தவறு. அவர்கள் கவனக்குறைவாக வேலை செய்தவர்கள் அல்லர் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். வழக்கமான முறையை வழுவாமல் பின்பற்றியதுதான் அவர்களை ஏமாற்றியது.

தகட்டில் தோன்றிய புள்ளி

அந்த வழக்கமான முறை இது. கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 கலந்த ஏ.டி.பி.யைக் கொண்டு புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றுவார்கள். பிறகு அப்புரதத்தை அமிலத்தில் சூடாக்கித் தனித்தனி அமினோ அமிலங்களாக உடைப்பார்கள். அதில் ஒரு துளியைச் செல்லுலோஸ் பூசிய தகட்டில் இட்டு, அமிலத் தாங்கல் கரைசலால் நனைத்து, உயர் மின்னழுத்தம் கொடுப்பார்கள். மின்னூட்டம் பெற்ற மூலக்கூறுகள் மின்புலத்தில் நகரும். மின்னூட்டம் மிகுந்தது விரைவாகவும், உருவில் பெரியது மெதுவாகவும் செல்லும். பாஸ்பேட் ஏறிய செரினையும் திரியோனினையும் அடையாளத்திற்காக உடன் ஓட விடுவார்கள். கதிரியக்கப் புள்ளி எந்த அடையாளத்தின்மேல் விழுகிறதோ, அதுவே விடை.

ஹன்டர் இங்கிலாந்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்றவர். 1979-இல் அவர் ஆராய்ந்தது எலிகளில் கட்டி உண்டாக்கும் பாலியோமா வைரஸின் 'மிடில் டி' என்ற புரதத்தை. அவருடைய தகட்டில் கதிரியக்கப் புள்ளி இரண்டு அடையாளங்களிலும் பொருந்தாமல் தனியே நின்றது.

கரைசலின் பி.எச். 1.9 ஆக இருக்க வேண்டும். பலமுறை பயன்பட்ட அந்தக் கரைசலிலோ அது 1.7-க்கு இறங்கியிருந்தது. வித்தியாசம் 0.2 தானே என்று நினைக்க வேண்டாம். பி.எச். என்பது மடக்கை அளவு. 0.2 இறங்கினால் ஹைட்ரஜன் அயனியின் செறிவு ஏறத்தாழ 1.6 மடங்காகிறது. இந்த அமில எல்லையில் அமினோ அமிலத்தின் கார்பாக்சில் தொகுதி பாதி அயனியாகவும் பாதி அயனியாகாமலும் ஊசலாடும் நிலையில் இருக்கும். சிறிய மாற்றமும் மூலக்கூறின் மொத்த மின்னூட்டத்தை மாற்றிவிடும். 1.9-இல் பாஸ்பேட் ஏறிய திரியோனினும் டைரோசினும் ஒரே வேகத்தில் ஓடி ஒரே இடத்தில் நின்றன. 1.7-இல் சற்றே பிரிந்து நின்றன.

இயற்பியல் மாணவர்களுக்கு இது புதிதன்று. சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் என்று இரண்டு வரிகள் உள்ளன. பகுதிறன் குறைந்த கருவியில் பார்த்தால் ஒரே வரிதான் தெரியும். ஒரே வரி தெரிகிறது என்பதால் இருப்பது ஒன்றுதான் என்று நாம் சொல்வதில்லை. திரியோனின் என்று அறிவித்தவர்களுக்கு நேர்ந்தது இதுவே. இரண்டு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒன்றாகத் தெரிந்தன.

கதையின் முதற்குறை

இனி, என் மாணவரின் கேள்விக்கு வருவோம். பழைய கரைசல் ஹன்டருக்குக் கொடுத்தது என்ன? இடம் மாறி நிற்கும் ஒரு புள்ளியை மட்டுமே. "இந்த ஓட்டம் சரியில்லை, கரைசல் கெட்டுவிட்டது" என்று தகட்டைக் குப்பையில் போட எல்லா நியாயமும் இருந்தது. கரைசல் கெட்டுத்தான் போயிருந்தது!

அவர் அப்படிச் செய்யவில்லை. ஹைட்ராக்சில் உடைய மூன்றாவது அமினோ அமிலம் ஒன்று உண்டே என்று எண்ணினார். பாஸ்பேட் ஏறிய டைரோசினைத் தயாரித்துப் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தார். புள்ளி பொருந்தியது. பிறகு புதிய கரைசலில் அதே சோதனையைச் செய்தபோது புள்ளிகள் மீண்டும் ஒன்றாகிவிட்டன. இவ்விடத்தில் 'முன்னது பிழை' என்று விட்டுவிடாமல், இரண்டு கரைசல்களுக்கும் என்ன வேறுபாடு என்று தேடிப் பி.எச். மாற்றத்தைக் கண்டுபிடித்தார். பின்னர் பி.எச். 1.9-இல் ஒரு திசையிலும், 3.5-இல் அதற்குச் செங்குத்தான திசையிலும் ஓடவிட்டு மூன்றையும் ஐயமறப் பிரிக்கும் முறையை அவரும் பார்ட் செப்டனும் கையாண்டனர். தற்செயலாய்க் கிடைத்தது வேண்டும்போது செய்யக்கூடியதாயிற்று. அன்றுதான் அது விஞ்ஞானமாயிற்று.

இதில் சோம்பலின் பங்கு ஒரு பிற்பகல். உழைப்பின் பங்கு பல மாதங்கள். நாம் சொல்லும் கதையோ பிற்பகலை வைத்துக்கொண்டு மாதங்களை விட்டுவிடுகிறது. தம்முடைய சோம்பலைச் சொல்லிச் சிரிப்பது ஹன்டரின் அடக்கம். அதில் குறை காண எனக்கு உரிமையில்லை. அந்த அடக்கத்தையே பாடமாக்கி மாணவர்முன் வைக்கும் நம்மிடம்தான் குறை இருக்கிறது. இத்தகைய கதைகள் சாதாரண மாணவர்களுக்கு ஊக்கம் தருமே என்று சிலர் வாதிக்கலாம். ஊக்கம் தரும், உண்மைதான். ஆனால் எதற்கு ஊக்கம் என்று பார்க்க வேண்டாமா?

இரண்டாவது, மூன்றாவது குறைகள்

கதையில் ஒரே ஒரு மனிதர்தான் வருகிறார். 1979 இறுதியில் வெளியான கட்டுரையிலோ மூன்று பெயர்கள் உள்ளன: வால்ட்டர் எக்கார்ட், மேரி ஆன் ஹட்சின்சன், ஹன்டர். செப்டனோடு சேர்ந்து சார்க் புரதத்தைச் சோதித்து, அதுவும் டைரோசினில்தான் பாஸ்பேட்டை ஒட்டுகிறது என்று காட்டியது 1980-இல். பாஸ்பேட் ஏறிய டைரோசின் சாதாரணச் செல்லில் மிகமிகக் குறைவு. புரதங்களில் ஒட்டிய பாஸ்பேட்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் அல்லது மூவாயிரத்தில் ஒரு பங்கு. சார்க் புகுந்த செல்லில் அது பல மடங்கு உயர்ந்தது. அதே ஆண்டில் ஸ்டான்லி கோஹனின் ஆய்வுக்கூடம், வளர்ச்சிச் செய்தியை வாங்கும் வாசற்புரதமும் டைரோசின் கைனேஸே என்று காட்டிற்று. ஓவன் விட்டியும் டேவிட் பால்டிமோரும் 'ஏபிள்' என்ற மற்றொரு வைரஸ் புரதத்தில் அதே செயலைக் கண்டனர். ஒருவர் கதவைத் திறந்தார்; உள்ளே சென்று விளக்கேற்றியவர்கள் பலர்.

முதல் கட்டுரையும் முழு உண்மையன்று. மிடில் டி புரதம் தானே கைனேஸ் அன்று, செல்லின் சொந்தச் சார்க் புரதம் அதனோடு ஒட்டிக்கொண்டிருந்து அந்த வேலையைச் செய்கிறது என்று 1983-இல் வேறு ஆய்வாளர்கள் காட்டினர். இவ்விடத்தில் நான் வியந்த செய்தி ஒன்று உண்டு. 1979 கட்டுரையின் தலைப்பே எச்சரிக்கையோடு அமைந்திருந்தது. மிடில் டி கைனேஸ் என்று அது சொல்லவில்லை. பிரித்தெடுத்த வீழ்படிவில் இப்படியொரு செயல் காணப்படுகிறது என்று மட்டுமே சொன்னது. கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாததால், திருத்தம் வந்தபோது தலைப்பு அழியாமல் நின்றது. சோம்பேறி எழுதும் தலைப்பா இது?

மூன்றாவது குறை, புள்ளியிலிருந்து மருந்துக்கு ஒரு நேர்கோடு போடுவது. நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் ஒரு குரோமோசோம் குறுகிக் காணப்படுகிறது என்று 1960-இலேயே தெரியும். இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்தது அது என்று ஜேனட் ரௌலி 1973-இல் காட்டினார். அந்த மாற்றத்தில் பிறக்கும் புரதம் அணையாத ஏபிள் கைனேஸ் என்பது 1980-களில் தெளிவாயிற்று. அதை அணைக்கும் இமாட்டினிப் என்ற மருந்தை நிக்கலஸ் லைடன் முதலிய மருந்து வேதியியலாரும், பிரையன் டிரக்கர் என்ற மருத்துவரும் போராடிக் கொண்டுவந்தனர். 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அம்மருந்தை முதலில் பெற்ற நோயாளிகளுள் 89 விழுக்காட்டினர் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர் என்று 2006-இல் வெளியான ஆய்வு கூறிற்று. பெருமைப்படத்தக்க எண்தான். எனினும் சில நோயாளிகளில் கைனேஸ் தன் வடிவைச் சற்றே மாற்றி மருந்துக்குத் தப்பிவிடுகிறது.

மருந்து நோயாளியின் கைக்கு எட்டுவதும் தனிக் கதை. இம்மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கான காப்புரிமையைச் சென்னையிலுள்ள காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. வழக்கு வளர்ந்து, 2013 ஏப்ரல் 1-ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அதனால் இந்தியக் கம்பெனிகளின் மலிவான மாத்திரைகள் தொடர்ந்து கிடைத்தன. தகட்டுப் புள்ளிக்கும் நோயாளிக்கும் இடையில் இத்தனை பேர் நிற்கிறார்கள். நேர்கோடு எங்கே இருக்கிறது?

காட்டிய அமிலம் மறைத்தது

ஹன்டரின் ஆராய்ச்சி வாழ்க்கையை 1979-ஓடு முடித்துவிடுவது இக்கதை செய்யும் பெரிய அநீதி. மனித மரபணுத் தொகுதியைத் துருவி மனிதரில் 518 புரதக் கைனேஸ்கள் உள்ளன, அவற்றுள் 90 டைரோசின் வகை என்று 2002-இல் பட்டியலிட்ட குழுவில் அவரும் ஒருவர். அதைவிட என்னைக் கவர்ந்தது அவர் எழுபது வயதைக் கடந்தபின் செய்த வேலை.

பாஸ்பேட் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலும் ஒட்டும் என்று பால் பாயர் குழுவினர் 1962-இலேயே கண்டிருந்தனர். ஆனால் அந்தப் பிணைப்பு அமிலம் பட்டால் அறுந்துவிடும். மேலே விவரித்த முறையை எண்ணிப் பாருங்கள்: புரதத்தை அமிலத்தில் சூடாக்குகிறோம், அமிலக் கரைசலில் ஓடவிடுகிறோம். ஹிஸ்டிடினில் பாஸ்பேட் இருந்திருந்தால் தகட்டுக்கு வருமுன்பே அழிந்திருக்கும். டைரோசினைக் காட்டிய அதே அமிலம் ஹிஸ்டிடினை மறைத்தது! தமக்குப் புகழ் தேடித்தந்த முறை எதற்குக் குருடு என்று கேட்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அமிலத்தை நாடாமலே பாஸ்பேட் ஏறிய ஹிஸ்டிடினைக் கண்டறிய உதவும் எதிர்ப்பொருள்களை 2015-இல் அவருடைய ஆய்வுக்கூடம் உருவாக்கி வெளியிட்டது.

1979-ஐயும் 2015-ஐயும் சேர்த்துப் பார்த்தால்தான் மனிதர் விளங்குகிறார். என் கருவி காட்டாதது இல்லாததா, அல்லது என் கருவிக்குத் தெரியாததா? இந்த ஒரே கேள்வியை ஒருமுறை தற்செயல் அவர்முன் வைத்தது. மறுமுறை அவரே வலியச் சென்று கேட்டார். பாதிக் கதையில் முதலாவது மட்டும் இருக்கிறது.

அடித்த எண்

என் மாணவருக்கு ஒரு விடை பாக்கி இருந்தது. அடுத்த செய்முறை வகுப்பில் அவருடைய குறிப்பேட்டை வாங்கி, நான் அடிக்கச் சொன்ன எண்ணை இருவருமாகப் பார்த்தோம். 10.86-ஐ 9.8-ஆல் வகுத்தால் 1.108. அவர் சற்று யோசித்து, 20-ஐ 19-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் அதே எண் வருகிறது என்று கண்டுபிடித்தார். இருபது அலைவுகள் என்று எண்ணி, உண்மையில் பத்தொன்பதுக்கே கடிகாரத்தை நிறுத்தியிருக்கிறார். பெரிய கண்டுபிடிப்பு ஏதுமில்லை, எண்ணுவதில் பிழை. பெரும்பாலான பொருந்தா அளவீடுகள் இப்படித்தான் முடியும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் அடித்துவிட்ட எண் வெறும் அசிங்கம். காரணம் தெரிந்த எண் ஓர் அறிவு. அந்த எண்ணை அடிக்கச் சொன்னது என் தவறு என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பொருந்தாத அளவீட்டை எவரும் அடிக்கக் கூடாது. பென்சிலால் வட்டமிட வேண்டும். பக்கத்தில் காரணம் தெரிந்தால் காரணத்தையும், தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றும் எழுத வேண்டும். அதற்காக மதிப்பெண் குறைப்பதில்லை. ஹன்டரின் கதையை இப்போதும் சொல்கிறேன், கரைசலில் தொடங்கி ஹிஸ்டிடின்வரை. கொஞ்சம் நீண்டுவிடுகிறது. மாணவர்கள் முன்போல் சிரிப்பதில்லை. ஆனால் கேள்வி கேட்கிறார்கள்.

உங்கள் குறிப்பேட்டிலும் அப்படி அடிபட்ட எண் ஒன்று இருக்கக்கூடும். அதை எடுத்து ஒருமுறை பாருங்கள்.